ஒரே ஒரு குப்பி பென்சிலின்

பாய் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்று பைக்கில் சுற்றி அவருக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். கடை பெஞ்சில் இருவர் காத்திருந்தார்கள்.

நெய்வேலி பஜாரில் பாயின் மருந்துக்கடையில் நான் அப்போதுதான் பார்மசிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். குப்பியில் இருந்தது பென்சிலின். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து இதய வால்வு பழுதான பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. விட்டால் காய்ச்சல் திரும்பும், வால்வு மேலும் கெடும். ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்று அரசு அதன் விலைக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. நல்ல எண்ணம்தான்; பாயே அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் மூலப்பொருளின் விலை ஏற ஏற, கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டன. கடைக்குச் சோதனைக்கு வருபவர்கள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறோமா என்றுதான் பார்த்தார்கள். எந்த மருந்து வரவே இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

காத்திருந்தவர்களில் ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த கம்மாபுரத்துக்காரர், மகளுக்காக வந்திருந்தார். இன்னொருவர் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்த அக்கா. கணவர் அங்கே பெர்மனென்ட் ஆபரேட்டர், மகன் ப்ளஸ் டூ. இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போடும் நாள் தாண்டியிருந்தது. பாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்காதான் எழுந்தார்.

"அவங்க பொண்ணுக்குக் குடுத்துடுங்க பாய். என் கொழுந்தன் சென்னையில இருக்காரு, அங்க கெடைக்கும்."

சென்னையிலும் கிடைக்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பரீட்சை மும்முரத்தில் பையன் பல வேளை அதை மறந்தான். காய்ச்சல் திரும்பியது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அறுவை சிகிச்சை செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை வாங்க அக்கா மாதாமாதம் வருவார். அவர் தலை தெரிந்தால் பாய் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவார். ஒருநாள் அக்கா அவர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "அன்னிக்குக் குடுக்கச் சொன்னது நான். இவர் எதுக்கு ஒளிஞ்சிக்கிறாரு?" பாய் வெளியே வந்தார். மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

இப்போது பாய் இல்லை. கடையை அவர் மகள் நடத்துகிறார். அரசு உச்சவரம்பை உயர்த்தியதும் ஊசி மருந்து மறுபடி வரத் தொடங்கியது. அந்த உயர்வு நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. போன முறை கம்மாபுரத்துக்காரர் வந்தபோது விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கி நின்றார்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சி வூட்டுலதான் குந்திகினு இருக்கேன். ஊசியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள், மாத்திரை வாங்க வந்து பக்கத்தில் நின்றிருந்த அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"தள்ளிப் போடாதீங்கண்ணே. ஒரு தடவகூட."

அவர் தலையாட்டிவிட்டு வாங்கிப் போனார். அடுத்த ஊசிக்கு இந்த வாரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்று காலை போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அப்பாவுக்கு வேல கெடச்சிருக்குங்க. அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வாங்கியாருவாரு" என்றாள்.