சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

மைசூர், விஜயநகர். எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் மேட்டு நிலம். கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு, இதே மண்ணை அழுத்திச் செய்த கற்களால் இங்கே வீடு கட்டப்போகிறோம். நான் பிளான் போடுவதற்கு முன்னால், குடியிருக்கப் போகிறவர்களையே தரையில் சுண்ணாம்புத் தூளால் வீட்டைப் போட்டுக் காட்டச் சொல்வேன். எந்த ஊரானாலும் இதுதான் என் வழக்கம்.

கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து சித்தாள் வேலை பார்க்கும் செல்வி குனிந்து கோடு இழுக்கிறாள். வேப்பமரம் குறுக்கே வருகிறது; மரத்தை விட்டுவிட்டுச் சுவரை வளைக்கிறாள். அடுப்படிக்கு ரோட்டைப் பார்த்த ஜன்னல். முடித்ததும் தூள் சட்டியை என்னிடம் நீட்டுகிறாள்.

"இப்ப நீங்க உங்க ஊட்டப் போடுங்கக்கா."

சிரித்துக்கொண்டே வாங்குகிறேன். முதல் கோட்டை எங்கே போடுவதென்று தெரியவில்லை. ஊர் ஊராக வீடு கட்டிக் கொடுத்தவள் நான். இருப்பதெல்லாம் லாட்ஜிலும் வாடகை அறையிலும். எனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று நானே என்னைக் கேட்டதில்லை.

"ஏங்கக்கா, சொந்த ஊடு இல்லீங்களா?"

"இல்ல செல்வி."

சட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். தன் அடுப்படிச் சுவரை ஒட்டி இன்னொரு அறை போடுகிறாள். வாசலுக்கு இடம் விடுகிறாள்.

"இங்கயே இருந்துக்கோங்க. செவுத்தத் தட்டுனாப் போதும், காப்பி வந்துரும்."

உள்ளே போய் நிற்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒரு கோட்டைத் தாண்டினால் ரோடு. தாண்ட மனம் வரவில்லை. சுற்றிக்கொண்டு, அவள் விட்ட வாசல் வழியாகவே வெளியே வருகிறேன்.