அண்ணியின் முதுகில் இருபது கட்டங்கள்

என் அண்ணிக்குக் கடையில் பெயர் பம்பரம். வைத்தவர்கள் வாடிக்கைக்காரப் பெண்கள். ரசித்துச் சொல்கிறவள் நான், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில். பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடும் கடை எங்களுடையது. மூன்று நாற்காலிகள், தலை கழுவ ஒரு தொட்டி, திரைக்குப் பின்னால் பேஷியல் செய்ய ஒரு கட்டில். இத்தனை சின்ன இடத்துக்குள் ஒரு மனுஷி இவ்வளவு நடக்க முடியுமா என்று இருக்கும். ஒருத்திக்குக் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தியின் தலையில் சாயம் பிடித்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவாள். அண்ணன் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு வேளை சாப்பாட்டை அவள் முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் சாயத்தில்தான். வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றும்போதே எந்தக் குழாயில் எவ்வளவு, எதோடு எது என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவாள். அளவுக் கரண்டி வைத்துக்கொண்டு திண்டாடுவது என் வேலை. கையுறை மட்டும் அவளுக்கு ஆகாது. போட்டால் முடியின் பதம் விரலுக்குத் தெரியவில்லை என்று, நான் வாங்கி வைக்கும் கையுறைகளின் விரல் நுனிகளை எல்லாம் கத்தரித்துவிட்டு மாட்டிக்கொள்வாள். அப்புறம் அதற்குப் பேர் எதற்குக் கையுறை?

போன வருஷம் அந்த விரல்கள் வெடிக்க ஆரம்பித்தன. முதலில் அரிப்பு, பிறகு சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், பிறகு தோல் உரிந்து ரத்தம். களிம்பு தடவினால் நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் பழைய குருடி. ஒரு நாள் காலையில் இமை இரண்டும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவளை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. தலைச்சாயமாக இருந்தால் அதை இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது, தொடத் தொட ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசமாகத்தான் வரும் என்றும் சொன்னார். அண்ணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, கையுறை ரப்பர்தான் காரணம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பார்த்துவிடலாம் என்றார் அவர்.

அரிப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, முதலில் செய்தது ஊசிக்குத்துப் பரிசோதனை. முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் லேசாக ஒரு குத்து. தூசு, மகரந்தம், பூனைமுடி, ரப்பர்ப் பால் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சொட்டு. ஆகாத பொருள் பதினைந்து இருபது நிமிஷத்தில் கொசு கடித்த மாதிரி தடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக்கூடாது. இன்னொன்று யாருக்கும் தடித்தே தீர வேண்டிய மருந்து. அது தடிக்காவிட்டால் நாம் திருட்டுத்தனமாக மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கால் மணி நேரத்தில் அண்ணி எட்டுத் தடவை எழுந்தாள், எட்டுத் தடவையும் நர்ஸ் உட்கார வைத்தாள். கடைசியில் தடித்தது அந்த மருந்துச் சொட்டு ஒன்றுதான். எனக்கு ஒன்றுமே இல்லை என்று அண்ணி கிளம்பத் தயாரானாள்.

இது உடனே பொங்குகிற அலர்ஜிக்கான சோதனை என்று டாக்டரம்மா பிடித்து உட்கார வைத்தார். ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அந்த ஜாதியைக் கண்டுபிடிக்கத்தான். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு அது தோது. அண்ணிக்கு வருவது தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாகப் புகையும் ஜாதி. அதற்கு ஒட்டுப் பரிசோதனை. முதுகில் இரண்டு பிளாஸ்திரிப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டம், இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஐந்து, வலப்பக்கம் ஐந்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள் துளியூண்டு. இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது, கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது. மூன்றாம் நாள் வீட்டிலேயே பிரித்துவிட்டு, நான்காம் நாள் போய்க் காட்டினால் எந்த எண்ணில் சிவந்திருக்கிறது என்று படித்துச் சொல்வார்கள். பட்டைகளின் மேல் ஒன்று, இரண்டு என்று எழுதி, ஓரங்களைச் சுற்றி முதுகில் பேனாவால் கோடு போட்டு அனுப்பினாள் நர்ஸ். விளிம்பு எழும்பினால் மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள், முழுசாகக் கழன்றுவிட்டால் உடனே போன் செய்யுங்கள் என்றும் சொன்னாள்.

பம்பரத்திடம் சும்மா இரு என்றால் நடக்கிற காரியமா? காலையில் ஒட்டிக்கொண்டு வந்தவள், மத்தியானம் ஒருத்திக்கு இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் கையைத் தூக்கித் தூக்கி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் பட்டை ரவிக்கைக்குள்ளேயே கழன்று தொங்கியது.

போன் செய்யலாம் என்றேன். செய்தால் முதலிலிருந்து ஆரம்பி என்பார்கள், இன்னும் எத்தனை நாள் நான் சும்மா உட்கார்வது என்று எரிந்து விழுந்தாள். ஒட்டுடீ என்று கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டாள். நானும் ஒட்டினேன். எண் தெளிவாகத் தெரியும்படி, பேனாக்கோட்டுக்குள் நூல் பிசகாமல், சுற்றிலும் பிளாஸ்திரி போட்டு. என் வேலைத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துப் பின்னால் நின்று பிரிக்கும்போது, பட்டையில் எழுதியிருந்த இரண்டு என்ற எண் தலைகீழாகத் தெரிந்தது.

எங்கள் தொழிலில் அந்தக் கட்டிலில் யார் படுத்தாலும் நாங்கள் நிற்பது தலைமாட்டில்தான். முகத்துக்கு, நெற்றிக்கு, தலைக்கு, எல்லாவற்றுக்கும் அங்கே நின்றுதான் கை போகும். அன்றைக்கும் கால் தானாக அங்கே போய் நின்றிருக்கிறது. தலைமாட்டிலிருந்து எனக்கு நேராகத் தெரியும்படி ஒட்டினால், அவள் முதுகுக்கு அது தலைகீழ். முதல் கட்டம் இருந்த இடத்தில் பத்தாம் கட்டம், மூன்று இருந்த இடத்தில் எட்டு.

வாய் வரைக்கும் வந்தது. அவள் அதற்குள் எழுந்து, அப்பாடா என்று முதுகைக் கதவோரத்தில் தேய்க்கப் போனாள். அவளைப் பிடித்து நிறுத்துவதிலேயே சொல்ல வந்தது போய்விட்டது. இல்லை, போய்விடவில்லை, நான்தான் விழுங்கினேன். அவள் திட்டுவாள் என்று பயம். அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணுக்கு முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டு இதுதான் இப்போது எல்லோரும் விரும்புவது என்று சமாளித்தேன்.

நான்காம் நாள் டாக்டரம்மா விளக்கை முதுகில் சாய்த்து, விரலால் தடவி, கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். முதல் பட்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பட்டையில் எட்டாம் கட்டத்தில் நன்றாகச் சிவந்து, தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். எட்டு என்பது கையுறை ரப்பரில் சேர்க்கிற ரசாயனம். ரப்பர் இல்லாத கையுறைக்கு மாறினால் போதும். மூன்றாம் கட்டத்தில் மட்டும் லேசாக ஒரு சிவப்பு இருக்கிறது, அது சந்தேகம்தான் என்றார்.

மூன்று என்னவென்று அண்ணி கேட்கவே இல்லை. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பெண்ணைப் போல. நான் அப்பவே சொன்னேன்ல என்று என் தொடையில் அடித்தாள். வெடித்த விரல்களோடு.

நான் கேட்டேன், மூன்று என்ன என்று. தலைச்சாயம் என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பட்டை அன்னைக்கே கழண்டுருச்சு டாக்டர். நான்தான் திரும்ப ஒட்டினேன். தலைகீழா ஒட்டிட்டேன்."

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பி முதுகோடு வைத்துப் பார்த்தார். கழன்றது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அப்படியானால் இரண்டு சிவப்பும் ஒன்றுதான் என்றார். மூன்றாம் கட்டத்துச் சரக்கு முதல் சில மணி நேரம் தன் இடத்தில் இருந்து லேசாகச் சிவக்க வைத்திருக்கிறது. பிறகு எட்டின் இடத்துக்குப் போய் மிச்ச நேரமெல்லாம் அங்கே எரித்திருக்கிறது. தோல் ஆறியதும் இன்னொரு முறை ஒட்டி உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் அதுவரைக்கும் சாயத்தைத் தொடவே கூடாது என்றார்.

அண்ணி ரவிக்கையை மாட்டிக்கொண்டாள். கொக்கிகளைப் போட அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

தெருவில் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள். நான் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிக்னலில் நின்றபோது திரும்பாமலே கேட்டாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து பிரிக்கும்போது."

"நேத்தே சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். நான் சிரிச்சதுக்கப்புறமாடீ சொல்லணும்?"

பச்சை விழுந்ததும் மறுபடி எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

கடையில் ஒரு பள்ளி ஆசிரியை சாயத்துக்காகக் காத்திருந்தார். அண்ணி அவருக்குப் பின்னால் போய் நின்று முடியைப் பார்த்தாள், தொடவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு வா என்றாள் என்னிடம். விரல் நுனியை வெட்டாதே என்றாள். பழுப்பு இவ்வளவு, கறுப்பு இவ்வளவு என்று சொன்னாள். நான் கிண்ணத்தில் கலக்கினேன். நிறம் சரியாக வரவில்லை என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"தள்ளு" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ஆசிரியை கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பழுப்பு போடு" என்றாள் அண்ணி. "கொஞ்சம்னா எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியலடீ. கைக்குத்தான் தெரியும்."