தட்டிவிட்டு இறங்கியவர்

கொட்டாரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது பேச்சுக் கொடுத்தவர் அவர். ஆப்பிரிக்காவில் ஆற்றுச் சவாரிப் படகு ஓட்டுகிறவர், கடற்கரைக்காரர், விடுப்பில் வந்திருந்தார். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. அடுத்த மாதம் மகன் என்னை அங்கே கூட்டிப்போகிறான் என்றேன்.

"சிங்கம் பாக்கலாமா?"

"தண்ணி குடிக்க வந்தா பாக்கலாம் சார். யானையும் முதலையும் கண்டிப்பா உண்டு. நீர்யானைக்குத்தான் பயப்படணும். நம்ம கடல்ல மீன் கலையாம போவோம்லா, அதே மாதிரி அங்க ஒருநாள் இன்ஜினை அணைச்சிட்டு சத்தமில்லாம போனேன். அடியில கெடந்தது படகோட தூக்கிப்போட்டுது. இந்தத் தோளு அன்னைக்குப் போனதுதான். படகைத் தட்டினா நாம வாறது அதுக்குத் தெரியும், தலையக் காட்டும். நாம விலகிப் போயிரலாம்."

சொல்லிவிட்டு, கால் கழுவப் பக்கத்துக் குளத்துக்குப் போனார். இறங்குமுன் குடையால் படிக்கல்லை இரண்டு முறை தட்டி, தாமரை இலைகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தார். கொட்டாரத்துக் குளத்தில் நீர்யானையா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஆப்பிரிக்க ஆற்றில் சிங்கம் வரவேயில்லை. கரையில் நின்ற யானைகளைப் படம் எடுப்பதற்காகப் படகோட்டி இன்ஜினை அணைத்தார். படகு சத்தமில்லாமல் மிதந்தது. நான் மோதிரத்தால் படகின் விளிம்பை இரண்டு முறை தட்டினேன். எல்லாரும் என்னை முறைத்தார்கள்.

பத்தடி முன்னால், தண்ணீரிலிருந்து இரண்டு காதுகள் எழுந்தன.