வீட்டை விற்க எடுத்த படம்

எனக்கு இந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சுற்றி வளைத்துச் சொன்னேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. காலடிப்பேட்டையில் ஒரு சந்து, அதில் முதல் மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இருவர் நின்றால் இடித்துக்கொள்ளும் சமையலறை. என் கணவர் கன்டெய்னர் யார்டில் உழைத்துக் கட்டிய சொந்த வீடு. அவர் காலையில் கிளம்பிப் போய் இருட்டியபிறகு வருகிறவர். பகல் முழுக்க இதற்குள் கிடப்பது நான்தான்.

ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டியதுதானே என்று தாம்பரம் பக்கம் இருக்கும் என் தங்கை போனில் கேட்பாள். திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. மேற்கிலிருந்து காற்றடித்தால் தொழிற்சாலை வாடை வந்து கண் எரியும். காற்றே இல்லையென்றால் பெரிய ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் தூசி. மேஜையைத் துடைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்து வந்து தொட்டால் விரல் கறுப்பாகும். எனக்கு வீசிங் வேறு. இழுக்க ஆரம்பித்தால் வாயில் மருந்துப் பம்பை அடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காரவேண்டியதுதான். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைச் செருகி வைப்போம். அது காய்ந்ததும் நனைத்து மறுபடி செருகுவது, பாத்திரம் கழுவுவது போல அன்றாட வேலைகளில் ஒன்று.

கூத்து என்னவென்றால், என் பிழைப்பே ஜன்னல்தான். வெளிநாட்டில் வீடு விற்கிறவர்கள் எடுத்து அனுப்பும் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுக்கிறேன். அறைக்குள் நின்று படம் எடுத்தால் கேமராவுக்கு எல்லாமே ஒருசேரத் தெரியாது. அறை தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரிய எடுத்தால் அறை கும்மிருட்டு. அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, அதே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுப்பார்கள். அந்த மூன்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது என் வேலை. ஹெச்.டி.ஆர். என்பார்கள்.

சேர்ப்பதை சாஃப்ட்வேரே நொடியில் சேர்த்துவிடும். அப்படியே விட்டால் பார்க்கச் சகிக்காது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, சுவரெல்லாம் அழுக்குத் திட்டு, சோபா பீட்ரூட் கலர். எங்கள் பக்கம் காதுகுத்து பேனர் போடுகிறவர்கள் அதைத்தான் அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் போட்டால் அது வீடா, நகைக்கடையா? மேஜைக்கு அடியில் இருட்டு இருக்கத்தான் வேண்டும். ஜன்னல் அறையைவிட ஒரு படி பளிச்சென்று இருக்கவேண்டும், நம் கண் அப்படித்தான் பார்க்கிறது. பொறுமையாக உட்கார்ந்து, எந்த இடத்துக்கு எந்தப் படம் என்று பிரஷ்ஷால் தடவித் தடவிச் சேர்க்கவேண்டும். கலரை நான் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் அதிகம். பார்க்கிறவருக்கு இதில் கைவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றக் கூடாது. அதுதான் என் கணக்கில் நல்ல வேலை.

வீட்டை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுப் பக்கம் போகலாம் என்று என் கணவரை நான் நச்சரித்தது கொஞ்சநஞ்சமல்ல. “மாத்தூருக்கு வேணா போலாம்” என்று ஒருமுறை இறங்கி வந்தார். அங்கே போனால் மணலித் தொழிற்சாலைகள் இன்னும் பக்கம் என்று சொல்லிச் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், “சரி, போட்டுப் பாரு, எவனாச்சும் வந்தா பாப்போம்” என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு.

புரோக்கர் வந்து தன் போனில் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஹால் குடோன் மாதிரி இருந்தது. ஒருவரும் வரவில்லை.

“யக்கா, போட்டோ கலீஜா கீதுக்கா” என்றார், எடுத்தது தானில்லை என்பதுபோல. “நீயே வெள்ளக்காரன் வூட்டயெல்லாம் ஷோக்கா பண்ணிகினு கீற. உன் வூட்ட பண்ண மாட்டியா? வானத்த ப்ளூவா வுடு. தூரமா தெரியற சிம்னிய அழிச்சுடு.”

“ஏன், கடலயும் கொணாந்து ஜன்னலாண்ட வெச்சுடவா?” என்றேன்.

நான் செய்யமாட்டேன் என்று சொன்னது நல்ல புத்தியால் அல்ல. வருகிறவர் ஜன்னலைத் திறந்து பார்க்கத்தான் போகிறார். அது மட்டுமல்ல, என் வீட்டுப் படத்தில் நானே வானத்தை ஒட்டினால் என் தொழிலுக்கே கேவலம். நல்ல நாளாகப் பார்த்து எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நல்ல நாள் புயலோடு வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். வேலை நின்றது, லாரிகள் நின்றன, என் கணவருக்கு லீவு. மழை கொட்டித் தீர்த்தபிறகு புயல் வேறெங்கோ திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை கடலிலிருந்து காற்று வந்தது. ஈரத் துண்டை உருவி ஹால் ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு முருங்கை கழுவிவிட்டது போல நின்றது. மொட்டைமாடிகளுக்கு அப்பால், தூரத்தில், புகையில்லாத சிம்னிகள்கூட மெலிசாக, பார்க்க நன்றாகவே இருந்தன. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். அப்படியே அங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது.

உடனே ஸ்டாண்டை நிறுத்தினேன். திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடினால் மூன்று படத்தில் மூன்று இடத்தில் இருக்கும், சேர்க்கும்போது ஆவி மாதிரி ரெட்டையாகத் தெரியும். என் கணவரைக் கூப்பிட்டு, படத்தில் விழாமல் சுவரோரம் குந்தி அதன் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பெரிய மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார்.

“நான் மூச்சாச்சும் வுடலாமா?”

“வுடு, ஆனா ஆடாம வுடு.”

அந்தப் படத்துக்கு நான் உழைத்த மாதிரி எந்த வெளிநாட்டு வீட்டுக்கும் உழைத்ததில்லை. சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைக்கவில்லை. சிம்னியை அழிக்கவில்லை. அலமாரிக்குப் பக்கத்து மூலையை இருட்டாகவே விட்டேன். ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து, சோபாவின் கைப்பிடி வரைக்கும் வந்து, அங்கே மெல்ல அடங்கியது. முடித்ததும் என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

“இது நம்ம வூடா?”

“பின்ன யாரு வூடு?”

“இன்னா சேத்த இதுல?”

“ஒண்ணும் சேக்கலய்யா. நம்ம கண்ணு பாக்கறது கேமராவுக்குத் தெரியாது. அத்த தெரிய வெச்சேன், அவ்ளோதான்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

புரோக்கர் படத்தைப் போட்டார். உடனே போன்கள் வர ஆரம்பித்தன. என் கணவரும் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். யார்டில் கூட வேலை செய்கிறவர்களுக்கு அனுப்பினார். எந்த ரிசார்ட் மாமு என்று ஒரு தோஸ்து கேட்டதைக் காட்டிச் சிரித்தார். என் வேலையை இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மெச்சுகிறார் என்று எனக்குக் கொள்ளை சந்தோஷம். மீன் குழம்பு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒரு குடும்பத்தை அழைத்துவந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், பக்கத்தில் டோல்கேட் பகுதியில் மளிகை மொத்த வியாபாரம். அதற்குள் லாரிகள் திரும்பி வந்துவிட்டன, தூசியும் வந்துவிட்டது, ஜன்னலில் ஈரத் துண்டு. அந்த அம்மாள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் பயந்துகொண்டே திறந்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் வெளியே பார்த்தார்.

“எங்க கடைலயும் இந்தத் தூசிதானம்மா, பழகிப்போச்சு” என்றார். “படத்துல பாத்தது அப்படியே இருக்கு. அந்தச் சிம்னியக்கூட மறைக்காம போட்டிருந்தீங்கல்லா, அதான் நம்பி வந்தோம்.”

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். தங்கை வீட்டுப் பக்கம் எந்தத் தெரு என்பதுவரை போய்விட்டேன். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் என் கணவரைப் பார்த்து, “அப்போ பேசி முடிச்சிருவோமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“விக்கறதா இல்லீங்க.”

புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நான் காபி டம்ளர்களை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர்கள் படியிறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தேன்.

“உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு?”

“இவ்ளோ ஷோக்கான வூட்ட எவனாச்சும் விப்பானா?” என்றார். கோபமே இல்லை, குழைவாகப் பேசினார். “இத்தினி வருஷமா நாந்தான் ஒயுங்கா பாக்கல. தெனம் போன்ல பாத்துகினே கீறேன்.”

“அது போட்டோய்யா!”

“நீதான சொன்ன, ஒண்ணும் சேக்கலன்னு. கண்ணு பாக்கறதுதான்னு.”

“அன்னிக்கு மழ பெஞ்சுது. லாரி ஓடல. காத்து கடல்லேந்து வந்துது.”

“அப்ப பொய்யா அது?”

பொய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. அதில் ஒரு முருங்கை இலைகூட நான் சேர்த்ததில்லை.

“பொய் இல்ல” என்றேன்.

“அப்புறம் இன்னா? இங்க வா.” என் தோளைப் பிடித்து ஹாலின் நடுவே, அன்று ஸ்டாண்ட் நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் சாத்தியிருந்த ஜன்னலை மறுபடி அகலத் திறந்தார். திரைச்சீலையின் நுனியை, அன்று பிடித்த மாதிரியே, ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே முருங்கை சாம்பல் பூசி நின்றது. சிம்னிகளுக்கு மேல் வானமே இல்லை, பழுப்பாக ஏதோ இருந்தது. வாடை நேராக உள்ளே வந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நடிக்கவில்லை அவர், அவருக்கு நிஜமாகவே அந்தப் படம்தான் தெரிந்தது.

“பாத்தியா?” என்றார்.

ஜன்னலை மூடுய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை.