மாதம் இரண்டு துண்டு

கல்மே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் அந்தப் பலகையை மாட்டியது நான்தான். சுகாதார நிலையத்தில் எனக்கு அதுதான் வேலை. பாறைமீன் என்றால் உள்ளங்கை அகலத் துண்டு, மாதம் இரண்டு. ஈரலும் குடலும் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எதுவும் கிடையாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆணி அடித்து முடிப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"பிப்ரவரி மாசத்துக்கும் ரெண்டுதானா அதிகாரியம்மா? நாளு கம்மியாச்சே."

ஒக் சுன்பே. அறுபத்தோரு வயது. கப்பல் பழுதுபார்க்கும் கொட்டகையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரையேற்றிய கப்பலின் அடியில் படுத்துக்கொண்டு, ஒட்டிய சிப்பியையும் பழைய சிவப்புப் பெயின்ட்டையும் சுரண்டுவதுதான் அவர் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது மிளகாய் அரைக்கிற மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி இருப்பாராம். சுரண்டிய தூளைக் குழாய் வைத்து அடித்துக் கடலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்று அதைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயின்ட்டின் விஷம்தான் கடலடியில் தங்கி இப்போது மீனில் ஏறியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குத் தூண்டில்தான் உலகம். சனிக்கிழமை தவறாமல் நான்கு மீனைக் கழுவி, ஐஸ் போட்டு, தேகு நகரத்தில் இருக்கும் மகள் ஹேரனுக்குப் பஸ்ஸில் அனுப்பிவிடுவார். அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது மூன்று மாதம் பேசாமல் இருந்தவர், அப்போதுகூட மீனை நிறுத்தவில்லை.

"எங்க அப்பா தின்னாரு, நான் தின்னேன். செத்தா போயிட்டோம்?" என்று கேலி பேசிக்கொண்டே இருந்தவர், பலகையின் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இந்த மாசமா இருக்கிறவங்க சமாச்சாரம் நிஜமா?"

"நிஜம்தான் அண்ணே. அந்த விஷம் உடம்புல தங்கிடும். வயித்துப் பிள்ளைக்கும் போகும்."

"தின்னுட்டா? ஏற்கனவே?"

"அதுக்காகப் பயப்பட வேணாம். இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க, போதும்."

அவர் தூண்டிலைச் சுருட்டினார். கூடையில் கிடந்த மூன்று மீனையும் என் முன்னாலேயே கடலில் விட்டார். ஹேரனுக்கு அப்போது நாலு மாதம்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் எதுவும் போகவில்லை. அடுத்த சனியும் போகவில்லை. மகள் போன் செய்தால் மனைவி தக் மல்சூன் எடுப்பாள். "அப்பா எங்கம்மா?" என்றால், "வெளிய போயிருக்காரு" என்பாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

மல்சூன் ஒரு நாள் சுகாதார நிலையத்துக்கே வந்து என்னிடம் புலம்பினாள். "ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிடும்னேன். 'என் கையாலயே அனுப்பினேனே, அத எந்த வாயால சொல்லுவேன்'ங்குறாரு. நான் சொல்றேன்னா அதுக்கும் வேணாங்குறாரு."

குளிர் இறங்கியபோது அவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஈரலில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எதனால் என்று அவர்கள் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. மகளுக்கு ஏழாவது மாதம், அலையவிடக் கூடாது என்று அதையும் மறைத்தார்.

ஜனவரியில் பார்க்கப் போனேன். கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள் மல்சூன். முள்ளங்கி போட்ட பாறைமீன் குழம்பு மட்டும் கேட்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்த மீன் சட்டியில் இருந்தது. அதை அடுப்பில் ஏற்றலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அதிகாரியம்மா," என்றார் படுக்கையிலிருந்து. "எனக்கு எத்தன துண்டு?"

எப்போதும் சொல்கிற பதிலை யோசிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தக் கணக்கு, ஒரு ஆள் எழுபது வருஷம் தொடர்ந்து சாப்பிட்டா என்ன ஆகும்னு வச்சுப் போட்டது அண்ணே. அதனால உங்களுக்கு..."

அவர்தான் முடித்தார்.

"எனக்கு அளவே கெடையாது. அப்படித்தான?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏய், நெறையப் போடுடி. அரசாங்கமே சொல்லிடுச்சு," என்றார். மல்சூன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். சட்டியை ஏற்றினாள்.

மூன்று கரண்டி குடித்தார். நாலாவது கரண்டியைக் கையால் தள்ளிவிட்டு, "அந்தச் சிவப்புத் தூளு, அதத் தள்ளிவிட்டதே நான்தான. குழாயப் புடிச்சவன் நான்," என்றார்.

"நீங்க மட்டுமா அண்ணே? அத்தன பேரும்தான்."

"மத்தவன் மகளுக்கு நான் மீன் அனுப்பலியே."

பன்னிரண்டு நாளில் போய்விட்டார்.

துக்கத்துக்கு ஹேரன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சிச் சாறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு அவளே வந்தாள்.

"நீங்கதான பலகை வச்சவங்க? அம்மா இப்பத்தான் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் மேல இருந்த கோவம் திரும்ப வந்துடுச்சுன்னு நெனச்சேன். நாலு மாசம் நானும் வீம்பா இருந்துட்டேன். நேர்ல ஒரு தடவ வந்து சண்டையாவது போட்டிருக்கலாம்."

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேலே எடை, எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. மல்சூன் போனில் சொன்னாள். பிறகு, "இத மட்டும் கேட்டுட்டுப் போயிருக்கலாம் அந்த மனுசன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.