ப்ராகில் இருவருக்கான அறை

கொண்டாப்பூர் வீட்டில் ஐந்து வருடம் நான் இருட்டிலேயே உடுத்திக் கிளம்பினேன். கரன்ட் இல்லாமல் இல்லை. என் கணவர் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் வேலையை அவர்களுடைய பகலில், அதாவது நம்முடைய ராத்திரியில், பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்குச் சற்று முன் வந்து படுப்பார். எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை; பொழுது விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். ஸ்விட்ச் சத்தம் கேட்டால் போதும், ஹாலிலிருந்து மாமியார் குரல் வரும். "எழுப்பிராதம்மா, பாவம், இப்பந்தான் கண்ணசந்திருக்கான்." தடவித் தடவி எடுத்த துப்பட்டா வேறு செட்டுடையது என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் ஷூ மாட்டுவார், நான் செருப்பைக் கழற்றுவேன், அதற்குள் கரன்ட் பில்லும் பாப்பாவின் காய்ச்சலும் பேசி முடிக்க வேண்டும். சனிக்கிழமை தூங்கித் தீர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள். ஒருவரை ஒருவர் பிடிக்காமல் போயிருந்தாலாவது இந்த ஏற்பாடு சௌகரியமாக இருந்திருக்கும். எங்களுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

2009 தொடக்கத்தில் ஒரு நாள் அவர் ஷூ லேஸைக் கட்டியபடி சொன்னார், ஏப்ரலில் ஒரு வாரம் ப்ராகுக்கு அனுப்புகிறார்களாம். அந்தக் கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறதாம். "வேலை வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும். சனி, ஞாயிறு நீயும் வந்தா என்ன?" என்றார். ப்ராக் எந்த நாட்டின் தலைநகர் என்று எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. எந்த நாடாக இருந்தால் என்ன? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் இரண்டு நாள் அங்கே கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

அதன் பிறகு ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. அவர் ஆபீஸிலிருந்து படங்கள் அனுப்புவார், நான் என் ஆபீஸில் திறந்து பார்ப்பேன். அறுநூறு வருடத்துக்கு முந்தைய பாலம், ஊர் முழுக்கச் சிவப்பு ஓட்டுக் கூரை, ஏப்ரலில் பூக்கும் மரங்கள். ஒரு சின்ன ஓட்டலில் அறை பிடித்திருந்தார். இருவருக்கான அறை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னல் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அவரிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். இப்படியே எத்தனை வருடம் ஓட்டுவதாக உத்தேசம், இரண்டில் ஒரு வேலையை விட்டுவிடலாமா என்று. வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

பாப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னோம். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அன்றைக்கே ம்யூனிக்கில் இருக்கும் மகளிடம் போனில் பகிர்ந்துகொண்டார். என் நாத்தனார் உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். "எங்க வீட்டுலேர்ந்து கார்ல நாலஞ்சு மணி நேரந்தான் அந்த ஊரு. இவ்ளோ தூரம் வந்துட்டு என்னப் பாக்காம போவியா?" என்றாள். இவர் முறைக்கு, "அப்ப நீயும் ப்ராகுக்கு வந்திரு" என்றார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இப்படிக் கூப்பிடுவதும், கூப்பிடப்பட்டவர் "இருக்கட்டும், இன்னொரு தடவை பாப்போம்" என்பதும் வழக்கம். ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்தவளுக்கு அந்த வழக்கம் விட்டுப்போயிருந்தது. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

இவரை நான் என்ன பேச்சுப் பேசினேன்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்றுகூடக் கேட்டேன். அடுத்த ஞாயிறே என் யோக்கியதை தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது மாமியார் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "புள்ளயப் பாத்து மூணு வருசமாச்சு. நீ பாத்துட்டு வந்து எப்படி இருக்கான்னு சொல்லும்மா" என்றார். அதில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கரண்டியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமல் பேசியது.

"நீங்களும் வாங்களேன் அத்தை."

இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு தடவையாவது வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வாய்க்குச் சர்க்கரை போடணும் தாயி" என்றார். பக்கத்திலிருந்து பாப்பா, கொண்டாப்பூரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் பழகிய தெலுங்கில், "நேனு கூடா வஸ்தா" என்றாள், நானும் வருவேன் என்று. பாட்டியும் வந்துவிட்டால் அவளை யாரிடம் விடுவது? அவளும் வந்துதான் ஆக வேண்டும்.

மாமியாருக்கு விசா கிடைக்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட மருமகள் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மகள் அழைப்பு அனுப்பியிருந்ததால் அவருக்குத் தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது, பாப்பாவுக்கும் வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஒரு காகிதம் கேட்டு இழுத்தடித்தார்கள். நான் போகாமல் மற்ற எல்லோரும் ப்ராக் போகப்போகிறார்கள் என்று பத்து நாள் சோறு இறங்கவில்லை. கடைசி நிமிஷத்தில் வந்தது.

அந்த வாரமே நாத்தனார் போன் செய்தாள். "மதினி, ஓட்டல் ரூமெல்லாம் கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். கிச்சனோட பெரிய வீடே பாத்துட்டேன். அம்மாவுக்குச் சோறில்லாம ஆகாதுல்லா? நாம பொம்பளைங்க எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்கிட்டு விடிய விடியப் பேசலாம்."

"ஜன்னல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மதினி. பார்க்கிங் தெரியும்."

யார்மேல் கோபப்படுவது? மகளைப் பார்க்க ஏங்கிய தாயின் மேலா, அண்ணனைப் பார்க்க வந்த தங்கையின் மேலா? ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, பாசமும் இருந்தது. அத்தனை பாசமும் சேர்ந்து என் இரண்டு நாளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் புளிக்காய்ச்சலைக் கிளறி டப்பாவில் அடைத்தேன்.

ப்ராக் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. பாலத்தில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இவர் முன்னால் தங்கையோடும் தங்கை மாப்பிள்ளையோடும் பேசிக்கொண்டு போனார். அவ்வப்போது திரும்பி என்னைத் தேடுவார், நான் கையை ஆட்டுவேன்.

மத்தியானம் ஆற்றங்கரையில், வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு மரத்தடியில் பெஞ்ச் கிடைத்தது. நாத்தனார் எங்களைப் பார்த்தாள். பிறகு, "பாப்பாவுக்குப் போட் காட்டிட்டு வாரோம். மதினி, நீங்க ரெண்டு பேரும் இருங்க" என்று மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு போனாள். அந்த நிமிஷம் அவள் காலில் விழுந்திருப்பேன்.

நாங்கள் இருவர் மட்டும். நல்ல வெயில். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஏங்க" என்றேன். "ம்" என்றார். தண்ணீரைப் பார்த்தபடி வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் குறட்டை வந்தது.

பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு. உலுக்கி எழுப்பத்தான் கையைத் தூக்கினேன். ஆனால் அவர் வெளிச்சத்தில் தூங்கி நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழிந்திருந்தது. எப்போது இப்படி ஆனார்?

தூரத்திலிருந்து "டாடி!" என்று கத்திக்கொண்டு பாப்பா ஓடிவந்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"எழுப்பிராதம்மா" என்றேன். "பாவம், இப்பந்தான் கண்ணசந்திருக்காவ."