ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் நாற்பத்துமூன்று மென்பொருள்கள்

ஒரு ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்க என்னைப் போட்டுவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எசாயா புத்தகத்தின் பொடி எழுத்தை நினைத்து முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பீடத்தருகே போனால், வாசகப் புத்தகத்தின் மேல் ஒரு தாள் இருந்தது. அதே வாசகம், பெரிய பெரிய எழுத்தில், நீளமான சொற்களைப் பிரித்து, மூச்சு விடவேண்டிய இடத்தில் சின்னக் கோடு போட்டு. திக்காமல் வாசித்துவிட்டேன். யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஆனி அக்காதான் வாய் தவறி, "அன்னிக்கு மூணு தாள் எழுதிக் கிழிச்சாரு" என்றார்.

ஆனி அக்காவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன். தேனாம்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின் சந்தில் வீடு. நான் அங்கே சமைக்கப் போவேன்.

சர்க்கரை நோயில் அக்காவுக்குக் கண் போயிற்று. போனில் வருகிற எழுத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்களை அண்ணன் தேட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார். அக்கா கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"இவன் மூக்கால பேசறான்."

"இவ பரவால்ல. ஆனா நடுவுல மூச்சே விடமாட்டேங்கறாளே, பாவம்."

தேறியதையெல்லாம் இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தில் ஒரு பட்டியலாகப் போட்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், அப்படிப்பட்ட களஞ்சியம் அது. ஆறு வருடத்தில் நாற்பத்துமூன்று மென்பொருள் சேர்ந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தப் பட்டியலை நீக்கலாமா, ஏழு நாள் பேசி முடிவெடுப்போம் என்று. போட்டவர் மாளவிகா என்ற பெண். அவரும் அங்கே பல வருடமாக எழுதுகிறவர். "கலைக்களஞ்சியம் கடைப் பட்டியல் அல்ல. இவற்றில் மூன்றைப் பற்றித்தான் வெளியே யாராவது எழுதியிருக்கிறார்கள். மற்றவற்றைச் சோதித்தது யார்?" என்று கேட்டிருந்தார்.

அண்ணன் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். "ஆத்துக்குப் பட்டியல் கீது, மலைக்குப் பட்டியல் கீது. கண்ணு இல்லாதவங்களுக்கு ஒண்ணு இருந்தா இன்னா கெட்டுப்போச்சு? இது போச்சுன்னா ஆனி மாதிரி இருக்கறவங்க எங்க போய்த் தேடுவாங்க?"

அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பங்கில் தெருவிளக்கு வேண்டுமென்றாலும், பஸ் நிற்கவில்லையென்றாலும், மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்து கூடக்கூட மனுவுக்குப் பலம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். புதன்கிழமை, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், ஜெபமாலை முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னேன்.

"இவ்ளோதானா? போனக் குடும்மா இப்டி" என்றார் பக்கத்து வீட்டு மரியசெல்வம். அவர் ஒரு வரி எழுதினார். பங்கு மண்டபத்து வைஃபையில் பதினெட்டுப் பேர் புதுக் கணக்குத் தொடங்கி, 'இந்தப் பட்டியல் இருக்க வேண்டும்' என்று அதே வரியைப் போட்டோம். அவருடைய தங்கை மகள் லிண்டா கடைசியில் 'ஆமென்' சேர்த்தாள்.

"இன்னாடி, ஜெபமா பண்ற?"

"நல்ல காரியந்தானே மாமா. இருக்கட்டும்."

மறுநாள் பார்த்தால், பதினெட்டு வரியும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஒரே மணி நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரே வாக்கியத்தோடு பிறந்த பதினெட்டுப் பெயர். ஒருவரே முகமூடி மாற்றிப் பேசுகிறார் என்று சந்தேகப்பட்டு, களஞ்சியத்தின் நிர்வாகிகள் அண்ணனை எழுதவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் எழுந்து போய், "அண்ணே, நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "மரியசெல்வமுமா? அவன் குட்மார்னிங் அனுப்பவே அரை மணி நேரம் ஆக்குவானே" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆறு வருஷத்துல ஒரு பொய் நான் அங்க எழுதினதில்ல, ஜாஸ்மின்."

களஞ்சியத்தில் தன் பெயருக்கென்று இருந்த பேச்சுப் பக்கத்தில் எழுத மட்டும் அவருக்கு வழி இருந்தது. "இவர்கள் என் அக்கம்பக்கத்தார். விதி தெரியாமல் என்மேல் உள்ள அன்பால் செய்தார்கள். இவர்களை எண்ண வேண்டாம்" என்று எழுதித் தன் விலாசத்தையும் போன் நம்பரையும் போட்டார்.

சனிக்கிழமை மாளவிகா அடையாறிலிருந்து வண்டியில் நேரே வந்துவிட்டார். மனதுக்குள் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். வந்தவர், "உங்களச் சந்தேகப்பட்டுட்டோம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"உக்காரும்மா. பட்டியல் எதுக்குன்னு நீயே பாரு" என்றார் ஆனி அக்கா. என்னை ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லி, போனில் போட்டுக் காட்டினார். முதலாவது நன்றாகப் பேசியது. இரண்டாவது இப்போது கிடைப்பதே இல்லை. நான்காவது தமிழை விட்டுவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணிப் பார்த்தால், நாற்பத்துமூன்றில் பதினேழு ஊமை. புதிது சேர்ப்பதிலேயே இருந்த அண்ணன், பழையதைத் திரும்பத் தொட்டுப் பார்க்கவில்லை.

மாளவிகா ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. "அங்க போட்டுட்டா ஜனங்க அப்டியே நம்பிடறாங்க சார். அதான் ஆதாரம் கேக்கறோம்."

"அப்போ நாங்க எங்கதான் தேடறது?" என்றார் அக்கா.

அந்தப் பெண் அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "பட்டியல் வேணும்தான் ஆன்ட்டி. ஆனா மாசாமாசம் யாராவது சோதிச்சுப் பாக்கற எடத்துல இருக்கணும்" என்றார்.

ஏழாம் நாள் தடை நீங்கியது. அண்ணன் அந்த உரையாடலின் அடியில், "நீக்கலாம். தொடங்கியவன் நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பின்னறைக்குப் போய் மாதா படத்தின் முன் முழங்காலில் இருந்தார். நான் கூப்பிடவில்லை.

வெளியே எழுதப்பட்டிருந்த அந்த மூன்று மட்டும் கலைக்களஞ்சியத்தில் தனித்தனிக் கட்டுரைகளாயின. பட்டியல், பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் தளத்துக்குப் போயிற்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை அண்ணன் போட்டுக் காட்ட, அக்கா கேட்டுச் சொல்ல, நான் தடவித் தடவி எழுத, மாளவிகா அதை ஏற்றுவார். மூன்று வருடம் அப்படி நடந்தது.

போன தவக்காலத்தில் அண்ணனை மார்வலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளி மாலை கஞ்சி கொண்டு போனேன். மறுநாள் விடிவதற்குள் இறைவனடி சேர்ந்துவிட்டார். அந்த வெள்ளி மாலை நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்:

"நாளைக்கு மொத சனிக்கெழமம்மா. பட்டியல்ல பதினொண்ணாவது பேசலன்னு ஆனி சொன்னா. எடுத்துடச் சொல்லு. இல்லாதத இருக்குன்னு உட்டுடாதீங்க."